கேட்காமல் எடுத்த முகம்

இந்த ஆண்டிலிருந்து நம் படம் வரையும் திருவிழா உங்கள் கையில். "அக்கா, புதுசா வர்றவங்களுக்கு நாலு விஷயம் எழுதிக் குடுங்க" என்று ஜாகிர் கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. எழுத உட்காரும்போதெல்லாம் அந்த நாள்களின் வாசனைதான் முதலில் வருகிறது. மெழுகுக் கிரேயான், ஈரத் தாள், மண்டபச் சமையல்கட்டில் கொதிக்கும் தேநீர். பூ ஏற்றிவரும் வண்டியிலேயே பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு வந்துவிடும் நிலக்கோட்டை அம்மாக்களின் மல்லிகை. அதிலேயே நேரம் போய்விடும், எழுத்து நகராது.

எந்தத் தாள் வாங்குவது, எத்தனை மேசை போடுவது, எந்த ஓவியரை எங்கே உட்கார வைப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் டேப்லெட்டில் வரைந்து பெரிய திரையில் காட்டுகிறவர்கள். நான் தூரிகையைப் பல்லில் கடித்துக்கொண்டு வரைந்த தலைமுறை. நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். மண்டபம் நிறைந்திருக்கும்போது ஏதோ ஒன்று தப்பாகிப் போகும். எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சில நிமிடங்களைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கிறது.

எங்கள் முதல் திருவிழாவில் பரிசு வைத்திருந்தோம். குடும்பமாக உட்கார்ந்து ஒரு படம் வரைய வேண்டும், நல்ல படத்துக்குப் பரிசு. அரைமணி நேரம் கழித்து மேசைகளைச் சுற்றி வந்தால், அப்பாக்கள் எல்லோரும் குனிந்து வியர்க்க விறுவிறுக்க வரைந்துகொண்டிருக்கிறார்கள். பிள்ளைகள் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சிறுமி என் புடவையை இழுத்து, "டீச்சர், எங்கப்பா எனக்கு ரப்பர்கூடத் தரமாட்டேங்கிறாரு" என்றாள். நான் ஒருநாளும் டீச்சராக இருந்ததில்லை. இந்த ஊரில் கண்ணாடி போட்ட, படம் வரையும் பெண் என்றால் டீச்சர்தான். என்ன செய்வது என்று யோசித்து, அப்பாக்கள் எல்லோரும் வலது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு இடது கையால் வரைய வேண்டும் என்று அறிவித்தேன். சிரிப்பு மண்டபத்தை விட்டு வெளியே போய்த் தெருவில் கேட்டது. அன்றோடு பரிசை எடுத்துவிட்டோம். கூட்டம் குறையும் என்று பயந்தோம். அடுத்த ஆண்டு இருமடங்கு வந்தது.

அது சிரிப்போடு முடிந்த சங்கடம். இனி நான் சொல்லப்போவது அப்படிப்பட்டதில்லை. அன்று அங்கே இருந்தவர்களில் ஜாகிர் மட்டும்தான் இப்போது உங்களோடு இருக்கிறான். அவனிடம் கேட்டால் மைக் பிடித்த குரலில் வேறு மாதிரி சொல்வான். நான் பார்த்ததை நான் சொல்கிறேன்.

அந்த ஆண்டு பிரபா என்ற இளம் ஓவியனின் முதல் படக்கதைப் புத்தகம் வந்திருந்தது. மதுரைப் பையன். ஏதோ ஒரு நிறுவனத்துக்கு விளம்பரப் படம் வரைந்துகொண்டு நாகல் நகரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். நல்ல கை. கோடு அவன் சொன்னபடி கேட்கும். ஊரில் உள்ள குளத்துத் தண்ணீரையெல்லாம் குடித்துவிடும் ஒரு பூதத்தின் கதை அது. கடைசியில் பூதம் மனம் மாறி, குடித்ததையெல்லாம் மழையாகக் கொட்டிவிடும். புத்தகம் போட்ட பதிப்பாளர், அந்தப் பூதத்தை இரண்டு ஆள் உயரத்துக்குப் பலகையில் வெட்டி மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார். வாய் இருக்கும் இடத்தில் ஒரு ஓட்டை. பிள்ளைகள் பின்னால் ஏணியில் ஏறி அந்த ஓட்டையில் தலையை நீட்டினால், பூதம் விழுங்குகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் இருந்தே வாசலில் கூட்டம் அலைமோதியது. அது வெறும் பூதமாக இல்லை. வெற்றிலை அதக்கிய கன்னம், ஒரு பக்கம் இழுத்த உதடு, முன்நெற்றியில் நிற்காமல் பறக்கும் முடி, அகலமான மூக்கில் பெரிய எட்டுக்கல் மூக்குத்தி. பூதம் நம் தெருவில் இருந்து எழுந்து வந்தது போல இருந்தது. அதுதான் படத்தின் வெற்றி என்று நானும் நினைத்தேன். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால், போட்டோ எடுத்து முடித்த ஒரு அம்மா சிரித்துக்கொண்டே பக்கத்தில் நின்றவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

"பாத்தீங்களா, அச்சு அசல் நம்ம மீன்காரக்காதான். மூக்குத்தியக்கூட விடல. எங்க தெரு வாட்ஸப்புல போட்டுட்டேன், அம்புட்டுப் பேரும் சிரிக்கிறாக."

நான் மறுபடியும் வாசலுக்குப் போய்ப் பலகையைப் பார்த்தேன். முகம் தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. பிரபா உள்ளே ஒரு மேசையில் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிப் பூதம் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தான். அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பிரபா, இது யாரைப் பாத்து வரைஞ்சது?"

"யாரையும் இல்லக்கா. கற்பனைதான்."

நம் தொழிலில் ஒருவர் இன்னொருவரிடம் அதைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

"நாகல் நகர்ல ஒரு அக்கா மீன் விப்பாங்க," என்றான் கையில் இருந்த பேனாவை மூடியபடி. "ஆத்தூர் டேம் மீனு. என் ரூமுக்கு எதுத்தாப்புல. டீக்கடையில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பேன். செம முகம்கா அது. வரையாம இருக்க முடியல."

"அவங்ககிட்டக் கேட்டியா?"

"இதுக்கெல்லாமா கேப்பாங்க? அவங்க இங்கெல்லாம் வரமாட்டாங்கக்கா."

அந்தக் கடைசி வாக்கியம் இன்றும் எனக்குள் இருக்கிறது. அவன் கெட்டவன் இல்லை. திமிரில்கூடச் சொல்லவில்லை. ஆனால் 'குடும்பங்களுக்கான திருவிழா' என்று நாம் பதாகை கட்டும்போது நம் மனத்துக்குள் எந்தக் குடும்பங்கள் இருக்கின்றன என்பதை அவன் வாய்தவறிச் சொல்லிவிட்டான். நகராட்சிப் பள்ளிகளுக்குப் போய் வகுப்பு வகுப்பாக நோட்டீஸ் கொடுத்துவிட்டு வந்தவர்கள் நாம்தான். ஏதோ ஒரு பிள்ளை அந்த நோட்டீஸை மடித்துப் பையில் வைத்து, வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி அடம் பிடித்திருக்காதா?

பலகையை எடுத்துவிடலாம் என்று ஜாகிரைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போனேன். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள்.

வியாபாரத்தை முடித்துக் குளித்து, சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை கட்டி, தலையில் பூ வைத்து வந்திருந்தார் மீன் விற்கும் அந்த அம்மா. பெயர் பாக்கியம் என்று பிறகு தெரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு மூன்றாம் வகுப்பு படிக்கிற வயதில் ஒரு மகள், தேவி. பாவாடை சட்டை, நெற்றியில் நேராக இட்ட பொட்டு. போட்டோவுக்கு வரிசையில் நின்ற பிள்ளைகளில் சிலர் அவள் வகுப்புப் பிள்ளைகள். ஒருத்தி பலகையைப் பார்த்தாள், பாக்கியத்தைப் பார்த்தாள், மறுபடியும் பலகையைப் பார்த்தாள்.

"ஏய், தேவி அம்மாடீ."

சிரிப்பு வரிசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடியது. பிள்ளைகளின் சிரிப்பில் விஷம் இருக்காது. ஆனால் அளவும் இருக்காது.

பாக்கியம் அண்ணாந்து பார்த்தார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு அவர் கை மெல்ல எழுந்து தன் மூக்குத்தியைத் தொட்டது. அந்த நேரத்தில்தான் தேவி அம்மாவின் கையை விட்டாள். விட்டுவிட்டு இரண்டடி முன்னால் போய், தனியாக வந்தவள் மாதிரி நின்றுகொண்டாள்.

அதை நான் பார்த்தேன். பாக்கியமும் பார்த்தார்.

"நீ உள்ள போயி வெளையாடு தாயி. நான் வெளியில இருக்கேன்," என்று மகளின் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மண்டபத்தின் பக்கவாட்டுக்குப் போய்விட்டார்.

ஜாகிருக்கு விஷயம் எட்டியிருந்தது. மைக்கோடு ஓடி வந்தான். பேகம்பூரில் தோல் கடை வைத்திருக்கும் குடும்பம். வாயும் கையும் சும்மா இருக்காத பையன், மனசு தங்கம்.

"அக்கா, உடனே மைக்குல மன்னிப்புக் கேட்டுருவோம். பிரபாவ மேடைக்கு வரச் சொல்றேன். அந்தம்மாவையும் கூப்பிட்டுச் சால்வை போட்டுருவோம்."

"மைக்கை அணை," என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. அவன் எண்ணம் நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். மண்டபத்துக்குள் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு அந்த அம்மா யாரென்றே தெரியாது. மைக்கில் மன்னிப்புக் கேட்டால், தெரியாதவர்களும் கழுத்தைத் திருப்பி அவரைத் தேடுவார்கள். மேடையில் ஏற்றினால், பூதத்தையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நமக்குப் பாரம் இறங்கிவிடும். அவர் தலையில் ஏறிவிடும். நெருக்கடியில் நமக்கு முதலில் தோன்றுவது பெரும்பாலும் நம்மைக் காப்பாற்றிக்கொள்கிற வழிதான். அது நல்ல காரியம் போல உடுத்திக்கொண்டு வரும்.

"மொதல்ல அந்தப் பலகைய எடு. ஏன்னு யாரு கேட்டாலும் பூதத்தப் பத்திப் பேசாத."

இந்த மாதிரி வேலையில் ஜாகிருக்கு இணை கிடையாது. இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், "காத்துல ஆடுது, பிள்ளைக மேல சாஞ்சுரும், தள்ளுங்க தள்ளுங்க" என்று சத்தம் போட்டபடி பலகையைப் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போய்ச் சமையல்கட்டுக்குப் பின்னால் சாத்திவிட்டான். பதிப்பாளர் கோபமாக என்னிடம் வந்தார். அப்புறம் பேசலாம் என்றேன்.

உள்ளே தேவி ஒரு வண்ண மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் தாள் இருந்தது, அவள் எதையும் தொடவில்லை. பக்கத்தில் இருந்த பெண் குனிந்து, "அது ஒங்கம்மாதான?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றாள் தேவி.

பிரபா தோள்பையை மாட்டிக்கொண்டு நின்றான். "நான் பஸ் ஏறிர்றேன்கா. என்னாலதான எல்லாம்."

"ஏறு. ஆனா அந்தம்மாவப் பாத்துட்டு ஏறு."

"என்ன சொல்றது?"

"அவங்க கேக்குறதுக்குப் பதில் சொல்லு. அது போதும்."

மண்டபத்தில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்கு வரிசையாகக் குழாய்கள் வைத்திருப்பார்கள் அல்லவா, அங்கே பாக்கியம் முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முந்தானையால் துடைத்துக்கொண்டார். நான் யாரென்று சொன்னேன். பிரபாவைக் காட்டி, படம் வரைந்தது இவர் என்றேன். அவர் அவனை உற்றுப் பார்த்தார்.

"டீக்கடையில உக்காந்திருப்பேல்ல நீயி?"

"ஆமாக்கா."

"என்னையப் பாத்துத்தான் வரைஞ்சியா?"

"ஆமாக்கா."

"நான் ஒன்னைய என்ன அப்பு செஞ்சேன்?"

"ஒண்ணும் செய்யலக்கா. ஒங்க முகம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு."

"பிடிச்சிருந்தா இப்பிடியா வரைவாக?"

ஓவியர்கள் நமக்குள் பேசும்போது அதற்கு நூறு விளக்கம் சொல்லிக்கொள்வோம். குழாயடியில் நின்று அந்த அம்மாவிடம் சொல்ல ஒன்றுகூட மிஞ்சவில்லை.

"புஸ்தகத்துலயும் இருக்கா?"

"இருக்குக்கா."

"அந்தப் பூதம் நல்லதா, கெட்டதா?"

"கடைசியில நல்லதாயிரும்கா. குடிச்ச தண்ணியெல்லாம் திருப்பிக் குடுத்துரும்."

"கடைசி வரைக்கும் யாரு படிச்சா. வாசல்ல நின்னது கெட்டதுல்ல."

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், என்னைய என்னமும் சொல்லிட்டுப் போகட்டும். சந்தையில இதவிட எம்புட்டோ கேட்டுருக்கேன், திருப்பியும் குடுத்துருக்கேன். அந்தப் பிள்ள எங்கைய விட்டுருச்சு, பாத்தீகளா? நாளைக்கு அது பள்ளிக்கூடம் போகணும்ல."

பிரபா சட்டென்று முன்னால் வந்தான். "உள்ள வாங்கக்கா. இப்பவே எல்லார் முன்னாடியும் ஒங்கள அழகா வரையிறேன். ராணி மாதிரி வரையிறேன். அந்தப் பிள்ளைக எல்லாம் பாக்கட்டும்."

"வேணாம்."

"நான் நல்லா வரைவேன்கா."

"வேணாம்னுல சொல்றேன்."

அவன் மறுபடியும் வாயைத் திறந்தான். நான் அவன் தோளில் கை வைத்து நிறுத்தினேன். இது மிக முக்கியமான இடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். நம் கைக்குப் படம் மட்டும்தான் தெரியும் என்பதால், படத்தால் ஆன காயத்தைப் படத்தாலேயே ஆற்றிவிடலாம் என்று நினைப்போம். ஒரு தடவை கேட்காமல் வரைந்தாயிற்று. இப்போது கேட்டாயிற்று, வேண்டாம் என்கிறார்கள். அதோடு பென்சிலைக் கீழே வைத்துவிட வேண்டும். அந்த 'வேணாம்' நமக்குப் பிடிக்காது. அதற்காக இரண்டாம் முறை கேட்கக் கூடாது.

"பலகைய எடுத்துட்டோம்மா," என்றேன். "இனி அது நிக்காது. அடுத்த அச்சுல இந்த முகம் இருக்காது. ஏற்கனவே வாங்கிட்டுப் போனத என்னால திருப்பி வாங்க முடியாது. அதையும் சொல்லிர்றேன்."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். இருக்கிறாரா போகிறாரா என்று நான் கேட்கவில்லை. ஒரு நாற்காலி கொண்டுவந்து நிழலில் போட்டேன். உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நிகழ்ச்சி பிரபாவுடையதுதான். பூதத்தின் கதையை வாசித்துக்கொண்டே மேடையில் வரைய வேண்டும். மண்டபம் நிறைந்துவிட்டது. ரத்து செய்வதா, அதே கதையை வாசிப்பதா? ரத்து செய்தால் ஏன் என்று ஊர் பேசும். வாசித்தால் அந்த முகம் இன்னொரு முறை எழும். உள்ளே நடந்தபடி எனக்கு என் குருவின் ஞாபகம் வந்தது.

மதுரையில் ஒரு சிறுவர் பத்திரிகையில் நான் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்தவர் அவர். பெயர் வேண்டாம், படத்தின் கீழே அவர் ஒருநாளும் பெயர் போட்டதில்லை. அதிகம் பேசமாட்டார். அவர் மேசையில் சவரம் செய்கிற சின்னக் கண்ணாடி ஒன்று சாய்த்து வைத்திருக்கும். அழகுக்கு வைத்திருக்கிறார் என்று நாங்கள் கேலி செய்வோம். கொடுங்கோல் ராஜா, கஞ்சச் செட்டியார், பிள்ளை பிடிக்கிறவன் என்று யாரை வரைய வேண்டி வந்தாலும் கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு முகத்தைக் கோணலாக்கிப் பார்ப்பார். ஒருமுறை நான் ஒரு திருடனுக்குப் பேருந்தில் பார்த்த ஒருவரின் முகத்தைப் போட்டுக் கொண்டுபோனேன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு. இவரு வீட்டுல பிள்ளைக இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். நான் திருப்பி எடுத்துக்கொண்டு போய் வேறு வரைந்தேன். கெட்டவன் எல்லோருக்கும் ஏன் அவருடைய மூக்கு இருந்தது என்று அன்றுதான் புரிந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பல வருடம் அவர் முகத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அவர் பேருந்தில் நிம்மதியாகப் போய் வந்துகொண்டிருந்தார்.

இதை நடந்துகொண்டே பிரபாவிடம் சொன்னேன். அவன் நேராகக் கழிப்பறைக்குள் போய், அங்கே இருந்த கண்ணாடியில் தன்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்தான். பிறகு மேடை ஏறினான்.

"பூதத்தோட முகத்த நான் சரியா வரையல," என்று பிள்ளைகளிடம் சொன்னான். "இன்னைக்கு நாம சேந்து புதுசா வரையலாம்."

வெள்ளைத் துணியில் முதலில் தன்னையே வரைந்தான். அவனுக்கு நீளக் கழுத்து, தொண்டையில் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். அதை மரக்கிளை மாதிரி இழுத்தான். மூக்குக் கண்ணாடியைக் குளம் அளவுக்கு வரைந்தான். முன் பற்களின் இடைவெளி வழியாக மீன் நீந்தியது. பிள்ளைகள் அவனைப் பார்ப்பதும் படத்தைப் பார்ப்பதுமாகச் சிரித்தார்கள்.

"காது யாரு தர்றீங்க? தர்றவங்க மட்டும் கையத் தூக்குங்க."

யாரும் தூக்கவில்லை. ஜாகிர் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்த் தன் காதைக் காட்டி நின்றான். இரண்டு பிரம்பு முறம் போல அது துணியில் ஏறியது. பிறகு என் முறை. என் இரட்டைத் தாடையைக் கொடுத்தேன், அதை எத்தனை மடிப்பாக வரைந்தான் என்று இப்போது சொல்ல மாட்டேன். காவல்துறையில் இருக்கும் ஒரு அப்பா எழுந்து, "என் மீசைய எடுத்துக்கங்க தம்பி" என்றார். அவர் மகன் பெருமையில் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டான். அதற்குப் பிறகு கைகள் நிற்கவில்லை.

அப்போது முன்வரிசைச் சிறுவன் ஒருவன் கேட்டான். "அப்ப வாசல்ல நின்ன பூதம்?"

ஜாகிர் என்னைப் பார்த்தான். தேவி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தாள்.

பிரபா தூரிகையைக் கீழே வைத்தான். "அது நான் ஒருத்தங்ககிட்டக் கேக்காம எடுத்த முகம்," என்றான். "கேக்காம எடுக்கக் கூடாதுல்ல? அதான் மாத்துறேன்."

யார் என்று சொல்லவில்லை. பிள்ளைகளும் கேட்கவில்லை. கேட்காமல் ரப்பரை எடுப்பது தப்பு என்று தினமும் வகுப்பில் கேட்கிறவர்கள் அவர்கள், அவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. அந்தச் சிறுவன், "என் பல்லு வேணுமா? ஒண்ணு ஆடுது" என்றான்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் தேவி எழுந்து வெளியே போனாள். நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்காலிக்குப் பக்கத்தில் போய்ச் செத்த நேரம் சும்மா நின்றாள். பாக்கியம் ஏதோ சொன்னார், அவள் தலையசைத்தாள். இருவரும் கிளம்பிப் போனார்கள். கையைப் பிடித்துக்கொண்டார்களா என்று பார்ப்பதற்குள் ஒரு ஆட்டோ குறுக்கே வந்துவிட்டது.

அன்று எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். விற்ற புத்தகங்கள் எந்தெந்த வீட்டு அலமாரியிலோ இன்னும் இருக்கும். வாட்ஸப்பில் போன போட்டோவை யாராலும் திரும்பக் கூப்பிட முடியாது. பதிப்பாளரோடு பல நாள் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் அடுத்த அச்சில் பிரபாவின் நீளக் கழுத்தும் மூக்குக் கண்ணாடியும்தான் பூதத்துக்கு வந்தன. அந்தப் பதிப்புதான் இப்போது உங்கள் பிள்ளைகள் படிப்பது.

பிரபா பல வாரம் அந்தத் தெருவழியே போகாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தான். ஒருநாள் மழைக்கு அந்தப் பக்கமாக ஓட வேண்டியதாகிவிட்டது. பாக்கியம் மீன் கூடைக்குத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டே கூப்பிட்டிருக்கிறார்.

"ஏன் அப்பு ஒளிஞ்சு ஒளிஞ்சு போற? மீனு வாங்காட்டிப் போ. மூஞ்சியக் காட்டிட்டுப் போ."

அவன் பயந்துகொண்டே தேவியைப் பற்றிக் கேட்டிருக்கிறான்.

"ரெண்டு மூணு பேரு பூதம் மக, பூதம் மகன்னு சொல்லியிருக்காளுக. இவ ஒருத்தியக் கடிச்சு வச்சுட்டா. வாத்தியாரு என்னையக் கூப்பிட்டு விட்டாரு. பூதம்னு சொன்னா கடிக்கத்தான் செய்யும்னு சொல்லிட்டு வந்தேன்."

இதை என்னிடம் சொல்லும்போது அவன் சிரித்தான், கண்ணையும் துடைத்துக்கொண்டான். அன்று ஒரு கிலோ ஜிலேபிக் கெண்டை வாங்கிவந்து, சமைக்கத் தெரியாமல் டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டானாம். இப்போது அவன் பெங்களூரில் இருக்கிறான். யார் முகத்தை வரைந்தாலும் முதல் பிரதியை அவர்களிடம் கொண்டுபோய்க் காட்டுகிறான் என்று கேள்விப்படுகிறேன். அதனால் இரண்டு வேலை கைவிட்டுப் போயிற்றாம். போகட்டும்.

மறு வருடம் திருவிழாவுக்கு நோட்டீஸ் கொடுக்கப் போனபோது தேவி பள்ளிக்கு மட்டும் போகத் தயங்கினேன். ஜாகிர்தான் போய்க் கொடுத்துவிட்டு வந்தான். அவர்கள் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மதியத்துக்கு மேல் வந்தார்கள். பாக்கியம் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார். அந்த ஆண்டு வாசலில் நாங்கள் எதையும் நிறுத்தவில்லை.

அவர் அன்று வியாபாரத்தில் இருந்து நேரே வந்திருந்தார். புடவையில் தண்ணீர்க் கறை, தலை கலைந்து கிடந்தது. உள்ளே வரச் சொன்னதற்கு, "மீன் வாடை அடிக்கும் டீச்சர், இங்கனயே இருக்கேன்" என்று வராந்தாப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். தேவி என்னிடம் வந்து அட்டையும் தாளும் பென்சிலும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கு எந்த மேசையில் இடம் போடலாம் என்று நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வராந்தாவுக்குப் போய், அம்மாவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, ஒன்னைய வரையட்டா?"

நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். பிரபாவுக்குக் கிடைத்த பதில் என் நினைவில் இருந்தது. பாக்கியம் மகளைப் பார்த்தார். பிறகு கொண்டையை அவிழ்த்து, முடியை இரண்டு கையாலும் பின்னால் இழுத்தார்.

"செத்த இரு," என்றார். "தலையச் சீவிக்கிறேன்."